பாதி ஜன்னல் பேராசிரியை

சட்டக் கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியவள் அவள். காலையில் சொத்துச் சட்டம், மத்தியானம் காப்புரிமைச் சட்டம். அவளிடம் படித்தவர்களைக் கேட்டால் பாடத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள், முகத்தைப் பற்றி மட்டும் எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள். அழுகின தக்காளியை வெறுங்காலால் மிதித்தவள் மாதிரி ஒரு சுளிப்பு. வகுப்புக்குள் நுழையும்போதே அது வந்துவிடும், சாயங்காலம் பையைத் தூக்கும்வரை போகாது. ஆனாலும் யாரும் சிடுமூஞ்சி என்று பெயர் வைக்கவில்லை. "பாதி ஜன்னல்" என்றுதான் வைத்தார்கள். அதற்குக் காரணம் அவளேதான்.

ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கமாட்டாள், தன் வீட்டுக் கதையைச் சொல்வாள். அவளுக்கு ஒன்பது வயதில் அப்பாவும் பெரியப்பாவும் வீட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அளவைக்காரர் வந்து கயிறு பிடித்தார். கயிறு போன வழியில் கூடத்து ஜன்னல் இருந்தது. இரட்டைக் கதவு வைத்த பெரிய ஜன்னல். கயிறு சரியாக அதன் நடுவில் போனது. "அரை அடி தள்ளிக் கட்டிக்கலாங்க, ஜன்னலாவது ஒருத்தருக்கு முழுசா இருக்கட்டும்" என்று கொத்தனார் கெஞ்சிப் பார்த்தார். யார் பக்கம் தள்ளுவது? ஆறு வருஷம் வழக்கு நடத்தியவர்களுக்கு அரை அடி விட்டுக்கொடுக்க மனசு வருமா? சுவர் நேராக வந்து ஜன்னலின் நடுவில் முட்டி நின்றது. ஒரு கதவு அப்பாவுக்கு, ஒரு கதவு பெரியப்பாவுக்கு. தாழ்ப்பாள் பெரியப்பா கதவில், அது விழுகிற ஓட்டை அப்பா கதவில். அதற்கப்புறம் அந்த ஜன்னலை யாராலும் ஒழுங்காகச் சாத்த முடியவில்லை. மழை வந்தால் இரண்டு வீடும் நனைந்தது.

"இது சட்டப்படி சரியா, தப்பா?" என்று வகுப்பைக் கேட்பாள். பாதிப் பேர் தப்பு என்பார்கள்.

"சரிதான். தீர்ப்போட நகல் என்கிட்ட இருக்கு. அதனாலதான் எனக்கு வாந்தி வருது. பாடத்தை ஆரம்பிக்கலாமா?"

அந்தப் பாதி வீட்டில்தான் அவள் இன்னமும் இருக்கிறாள். கல்யாணம் ஆனதும் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த கணவரும் அங்கேயே வந்துவிட்டார். "நான் வீட்டோட மாப்பிள்ளை இல்ல, பாதி வீட்டோட மாப்பிள்ளை" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். பெரியப்பா பாதி கைமாறிக் கைமாறி இப்போது யாரோ ஒருவருடைய கிடங்கு. ஜன்னலின் அந்தப் பக்கத்துக் கதவு ஆணி அடித்து மூடப்பட்டுவிட்டது. இந்தப் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சட்டம் படித்ததே அந்தச் சுவரைப் புரிந்துகொள்ளத்தான். படித்தாள், புரிந்தது, புரிந்ததும் அருவருப்பு இரண்டு மடங்கானது. அம்மாவின் பீரோவைத் திறக்கக்கூடாது என்று தடை வாங்கிய அண்ணன், மாடிப்படியில் ஏழாவது படி வரைதான் உனக்கு என்று கோடு கிழித்த தங்கை, செத்தவரின் கைரேகையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எடுத்துக்கொண்டு வந்த மருமகன். இதெல்லாம் அவள் நடத்திய வழக்குகள் அல்ல, பாடம் சொல்ல எடுத்துக்கொண்ட வழக்குகள். நீதிமன்றத்துக்குப் போய் வாதாட அவளுக்குப் பிடிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று பாடம் நடத்தலாம் என்று நினைத்தாள். நடுவில் காப்புரிமைச் சட்டத்துக்குத் தாவினாள். மூளைக்குள் இருப்பதைப் பிரிக்க யாரும் கயிறு பிடிக்க முடியாதே, அங்கேயாவது கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. போய்ப் பார்த்தால் அங்கே பேனா மூடியில் ஒரு வளைவை வைத்துவிட்டு, வளைவு எனக்கே சொந்தம் என்று பதினாறு வருஷம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சீ என்று வந்தது. ஆனால் வேலையை விடவில்லை. அருவருப்பு அவளுக்கு ஒரு தொழில் மாதிரி ஆகிவிட்டிருந்தது, அதில் அவள் கெட்டிக்காரியும்கூட.

காப்புரிமைப் பாடத்தில் அவள் மண்டையில் அடித்து அடித்துச் சொன்னது ஒன்றுதான். புதுசாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தவர், இத்தனை வருஷத்துக்கு இதை வேறு யாரும் செய்யக்கூடாது என்று தடுக்கிற உரிமைதான் காப்புரிமை. புதுசு என்றால் உலகம் அதற்கு முன்னால் பார்த்திருக்கக்கூடாது. கண்டுபிடித்தவரே வாயைத் திறந்து நாலு பேரிடம் காட்டிவிட்டாலும் போச்சு. "வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி விண்ணப்பத்தைப் போடு." இதைப் பரீட்சையில் எழுதாதவன் அவளிடம் பாஸ் ஆனதில்லை.

குழாய்க்காரர் அவள் வாழ்க்கைக்குள் வந்தது அவளுடைய மறதியால். அந்தத் தெருவில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் காலை குழாயைத் திறந்தாள், தண்ணீர் இல்லை, திறந்தது திறந்தபடி கல்லூரிக்குப் போய்விட்டாள். கணவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. பத்து மணிக்குத் தண்ணீர் வந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் அவளுடைய சொத்துச் சட்டப் புத்தகம் நாலாம் பதிப்பு, நாற்பது பிரதி, உப்பி மிதந்தது.

அவள் கல்லூரி இருந்த பல்கலைக்கழக வளாகத்திலேயே பராமரிப்பு வேலை பார்த்தவர் குழாய்க்காரர். விடுமுறையில் வெளிவேலையும் செய்வார். வந்து பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன மேடம், இவ்ளோ படிச்சிருக்கீங்க, ஒரு குழாயை மூடத் தெரியலையா?"

"மறந்துட்டேங்க."

"மறதிக்கு மருந்து இல்ல. மூடிதான் போடணும்."

மூன்று வாரம் கழித்து ஒரு பித்தளைத் துண்டோடு வந்தார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பழைய குழாயின் உடம்பு, அதற்குள் சைக்கிளில் இருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்று, பேனாவில் இருந்து உருவிய ஸ்பிரிங். அதைக் குழாயின் வாய்க்கு முன்னால் பொருத்தினார். தண்ணீர் நின்றதும் குண்டு இறங்கி உட்காரும். திரும்பத் தண்ணீர் வேகமாக வரும்போது அந்த வேகமே குண்டைத் தள்ளி வழியை அடைத்துவிடும். குழாய் திறந்தே கிடந்தாலும் சொட்டு வராது. வந்து ஒரு தடவை மூடித் திறந்தால் வழி விடும். "மறதிமூடி" என்று பெயரும் வைத்திருந்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுதான் மொத மொத செஞ்சது, மேடம். உங்க மறதியால வந்தது, உங்ககிட்டயே இருக்கட்டும்."

அன்றைக்கு முழுக்க அவள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். முகத்தில் சுளிப்பு இல்லாததைப் பார்த்துக் கணவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வருஷத்துக்கு ஒருமுறை அவள் துறையில் திறந்த வகுப்பு நடக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த வருஷத் தலைப்பு "எது கண்டுபிடிப்பு?" அவள் குழாய்க்காரரை மேடைக்குக் கூப்பிட்டாள். ஒரு வாளி, ஒரு ரப்பர் குழாய், ஒரு மறதிமூடி. அவர் செய்து காட்டினார். அவள் பலகையில் குறுக்குவெட்டுப் படம் போட்டாள், குண்டு எங்கே, ஸ்பிரிங் எங்கே, வழி எங்கே என்று அம்புக்குறி போட்டு விளக்கினாள். நூற்றுப் பத்துப் பேர் கைதட்டினார்கள். துறையின் செய்தி மடலில் படத்தோடு அது அச்சாகி வெளியிலும் போனது.

வாயைத் திறக்காதே என்று வருஷக்கணக்காகச் சொன்ன வாய் அது. அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கம்பெனிக்காரனோ ஒரு பொறியாளனோ அந்தத் துண்டைக் கொண்டுவந்திருந்தால் முதல் வார்த்தையே "விண்ணப்பம் போட்டாச்சா?" என்றுதான் கேட்டிருப்பாள். இவர் குழாய்க்காரர். அவருடைய பொருள் அவளுக்குப் பாடத்தில் சொல்ல ஒரு நல்ல உதாரணமாக மட்டும்தான் பட்டது.

இரண்டு வருஷம் போனது. ஒரு மத்தியானம் குழாய்க்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த காகிதம். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், இது என்னன்னு பாருங்க. என்னையே செய்யக்கூடாதுங்கறாங்க."

பல்கலைக்கழக வக்கீல் அனுப்பிய நோட்டீஸ். "நீர்க்குழாய்களுக்கான தானியங்கித் தடுப்பான்" என்ற கண்டுபிடிப்புக்குப் பல்கலைக்கழகம் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறது. ஆகையால் அதைச் செய்வதையும் பொருத்துவதையும் உடனே நிறுத்த வேண்டும். மீறினால் வேலை போகும். கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று பேர். முதல் பெயர் கண்டுபிடிப்புப் பிரிவின் இயக்குநர்.

அந்த இயக்குநரைக் கல்லூரியில் "கேடயம்" என்று சொல்வார்கள். அறை முழுக்கக் கேடயம், சுழல்நாற்காலிக்குப் பின்னால் கேடயம், கழிப்பறைக்குப் போகிற வழியில்கூட ஒன்று.

"நான் ஞாயித்துக்கிழமை நாலு வீட்டுக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார் குழாய்க்காரர். "ஜனங்க தேடி வர்றாங்க. அதை விடுங்க. ஏன் மேடம், என் கையால செஞ்சதை என் கையே செய்யக்கூடாதா? அப்படி ஒரு சட்டம் இருக்கா?"

இருந்தது. பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கை, பதினாலாவது விதி: வளாகத்துக்குள் எந்தப் பணியாளர் எதை உருவாக்கினாலும், வளாகத்தின் கருவியை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருந்தாலும், அது பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். குழாய்க்காரர் அந்தப் பித்தளைத் துண்டைக் கடைந்தது வளாகப் பட்டறையில், சாப்பாட்டு இடைவேளையில், அரை மணி நேரம். போதும். அந்த விதியை எழுதியது யார்? அவள்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு குழு, ஆறு கூட்டம், ஆறு தட்டு பிஸ்கட். கடைசிக் கூட்டத்தன்று வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வேறெங்கோ இருந்த ஒரு விதியை வரி மாறாமல் எடுத்துப் போட்டாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தூ என்று அந்தக் காகிதத்தின் மேலேயே துப்பலாம்போல இருந்தது அவளுக்கு.

"நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

கேடயம் அவளைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "வாங்க மேடம், வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க. விதி பதினாலு, அருமையா எழுதியிருக்கீங்க. ஒரு ஓட்டை இல்ல."

"இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"ஐடியா அவருதுன்னு வச்சுக்குவோம். ஆனா அதை மேம்படுத்தினது நாங்க. ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்காத கம்பியில மாத்தியிருக்கோம்."

"பேனா ஸ்பிரிங்குக்குப் பதிலா வேற ஸ்பிரிங். அதுக்கு மூணு பேரா?"

"மேடம், நீங்க ஏன் கோபப்படறீங்க?"

"சரி, சொத்து பல்கலைக்கழகத்துக்கே போகட்டும். கண்டுபிடிச்சவர்ங்கற இடத்துலயாவது அவர் பேரைப் போடுங்க. அவர் செய்யறதுக்கு அனுமதி குடுத்து எழுத்துல குடுங்க."

கேடயம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அவர் பள்ளிக்கூடமே முடிக்கலையாமே? நாளைக்கு ஆண்டு மலர்ல போட்டோ போடுவாங்க. பைப் ரிப்பேர் பண்றவர் கண்டுபிடிச்சாருன்னா, அப்புறம் நாங்க எல்லாரும் எதுக்கு இருக்கோம்னு கேக்கமாட்டாங்களா?"

கேட்கத்தான் வேண்டும் என்று அவள் நினைத்தாள். வெளியே வந்து வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. வாளி, ரப்பர் குழாய், பலகையில் படம், நூற்றுப் பத்துப் பேர். புதுமையே இல்லை. கேடயம் விண்ணப்பம் போடுவதற்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே அந்தப் பொருள் உலகத்துக்கு வெளியாகிவிட்டது. அவளே வெளியாக்கிவிட்டாள். கேடயத்துக்குக் காப்புரிமை கிடைக்காது. ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் முகம் ஈரமாகவே நின்றுவிட்டாள். குழாய்க்காரருக்கும் கிடைக்காது. இனி எப்போதும், யாருக்கும், எந்த விதியை மாற்றினாலும் கிடைக்காது. பதினாலாவது விதியோடு சண்டை போடலாம், செத்துப்போன புதுமையோடு என்ன சண்டை போடுவது?

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அப்ப நீ வாயைத் திறந்தா ரெண்டு பேருக்கும் இல்ல. திறக்கலைன்னா அந்த ஆளுக்கு. அப்படித்தானே?"

"திறந்தா அவர் செய்யலாம். யாரும் தடுக்க முடியாது."

"யார் வேணாலும் செய்யலாம்னும் அர்த்தம்."

"ஆமா."

"குழாய்க்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"மனு போட்டுட்டுச் சொல்றேன்," என்றாள். விண்ணப்பத்தை எதிர்த்து மனு போட்டாள். சொல்லவில்லை.

காப்புரிமை அலுவலகத்தில் விசாரணை நடந்த அறையில் பழைய கோப்புகளின் வாடை குப்பென்று அடித்தது. விசாரணை அதிகாரி தூக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழகத்துக்காக வாதாட வந்தவள் அவளிடமே படித்தவள், அதுவும் வகுப்பில் முதலாவதாக வந்த மாணவி. வந்ததும் "வணக்கம் மேடம், நல்லாருக்கீங்களா?" என்று குனிந்து கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து நின்று தோலை உரித்தாள்.

"முப்பது வருஷமா சட்டம் நடத்தறீங்க இல்லையா?"

"முப்பத்தொண்ணு."

"விண்ணப்பத்துக்கு முன்னாடி வெளிய காட்டினா உரிமை போயிடும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

"ஆமா. நீ அதை நல்லா எழுதினே. முழு மார்க் போட்டேன்."

அதிகாரி கண்ணைத் திறந்தார். மாணவி சிரிக்கவில்லை. "அப்படித் தெரிஞ்ச ஒருத்தர், அவ்வளவு பேர் முன்னாடி படம் போட்டுக் காட்டினேன்னு சொன்னா நம்பறதா? ஒண்ணு, இப்ப நீங்க சொல்றது பொய்யா இருக்கணும். இல்லைன்னா, அன்னைக்கு நீங்க செஞ்சது படு முட்டாள்தனமா இருக்கணும். எது?"

"ரெண்டாவது," என்றாள்.

"மேடம்?"

"முட்டாள்தனம்தான். பதிவு பண்ணிக்கச் சொல்லு. அந்தப் பொருளைக் கண்டுபிடிச்சவரை நான் கண்டுபிடிச்சவரா நினைக்கல. நினைச்சிருந்தா காட்டியிருக்கமாட்டேன்."

செய்தி மடலும் வகுப்பு அறிவிப்பும் வருகைப் பதிவேடும் மேஜைக்குப் போயின. வருகைப் பதிவேட்டில் முப்பத்தேழாவது கையெழுத்து கேடயத்தினுடையது. அன்றைக்கு அவரும் வந்து உட்கார்ந்து கைதட்டியிருக்கிறார். மாணவி பதிவேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நோட்டீஸ் வாபஸ் ஆனது. குழாய்க்காரரின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. கல்லூரியில் அவளோடு யாரும் உட்கார்ந்து காபி குடிக்கவில்லை, அதைப் பற்றி அவள் கவலைப்படவுமில்லை. ஓய்வுபெற்ற நாளில் கேடயமே மேடையேறி, "மேடத்தின் நேர்மை நமக்கெல்லாம் ஒரு பாடம்" என்று பேசினார். பேசிவிட்டு ஒரு கேடயம் கொடுத்தார். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆட்டோவிலேயே விட்டுவிட்டாள். ஆட்டோக்காரர் நல்லவர், விசாரித்துத் தேடிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். தாங்கமுடியாதது குழாய்க்காரரின் நன்றி. மாதம் ஒருமுறை கேட்காமலே வந்து வீட்டுக் குழாயெல்லாம் பார்ப்பார். கூலி கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார். தெருவில் நாலு பேர் நின்றால், "இந்த மேடம்தான் என் பொருளை அந்தத் திருட்டுப் பசங்ககிட்டேருந்து காப்பாத்தினாங்க" என்று சத்தமாகச் சொல்வார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். அதிகாரி முன்னால் கூசாமல் சொன்னதை இவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. மூன்று பக்கத்துக்குப் பிரமாணப் பத்திரம் எழுதியவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தைரியம் இல்லை.

"சொல்லித் தொலையேன். ஒவ்வொரு மாசமும் இஞ்சி தின்னவ மாதிரி உக்காந்திருக்கே," என்றார் கணவர்.

"அடுத்த மாசம் சொல்றேன்."

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு காலை குழாய்க்காரர் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் போட்டார். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு மறதிமூடி.

"கடைக்குக் கடை கொத்துக் கொத்தாத் தொங்குது, மேடம். அப்படியே நம்மளுது. குண்டு, ஸ்பிரிங், எல்லாம். மூணு கம்பெனி போட்டிருக்கான். நான் ஒண்ணு கடைஞ்சு முடிக்கறதுக்குள்ள அவன் ஆயிரம் அடிக்கறான். ரெண்டு மாசமா ஒருத்தர்கூட என்னைக் கூப்பிடல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு அவங்களை நிறுத்தினீங்களே, அதே மாதிரி இவங்களையும் ஒரு மனு போட்டு நிறுத்திடுங்க. செலவு எவ்வளவானாலும் நான் பாத்துக்கறேன்."

கணவர் பேப்பரோடு எழுந்து உள்ளே போய்விட்டார்.

"நிறுத்த முடியாதுங்க," என்றாள்.

"ஏன்?"

"அன்னைக்கு அவங்களை நிறுத்தினது எதை வச்சுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. என் வகுப்புல நீங்க வந்து செஞ்சு காட்டினீங்களே, அதை வச்சு. ஊரே பாத்த பொருளுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. அதனால அவங்களுக்கு இல்ல. அதனாலயே உங்களுக்கும் இல்ல."

குழாய்க்காரர் மெதுவாகத்தான் அதை விழுங்கினார். "வகுப்புக்கு வரலைன்னா?"

"அதுக்கு முன்னாடி விண்ணப்பம் போட்டிருந்தா உங்களுக்குக் கிடைச்சிருக்கலாம். பல்கலைக்கழகம் வம்புக்கு வந்திருக்கும். வர்றதுக்கு வழி வச்ச அந்த விதியையும் நான்தான் எழுதினேன். ஆனா அதோட சண்டை போட்டிருக்கலாம். முன்னாடியே போடுங்கன்னு உங்ககிட்ட நான் சொல்லல. எனக்கு அது தோணவே இல்ல."

"உங்களுக்குத் தெரியாதா மேடம், அந்தச் சட்டம்?"

"நான் அதைத்தான் நடத்தினேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பாதி ஜன்னலுக்குக் கீழே இருந்த குழாயிடம் போனார். மறதிமூடியைக் கழற்ற ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் இறுகிப்போன துண்டு, சுலபத்தில் வரவில்லை.

முப்பத்தோரு வருஷமும் அவள் தவறாமல் கேட்ட பரீட்சைக் கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் நிலையாகப் பொருத்திய பொருள் யாருக்குச் சொந்தம்? பொருத்தினவருக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு. அதுவும் பரிசாகக் கொடுத்தது என்றால் சந்தேகமே வேண்டாம். விடை அவள் நுனிநாக்கில் இருந்தது. அந்த விடையை நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சம் டார்ச் பிடிங்க," என்றார் அவர், திரும்பாமல். மேடம் என்று சொல்லவில்லை.

அவள் டார்ச்சைப் பிடித்தாள். துண்டு கழன்று வந்தது. அவர் அதைச் சட்டைத் துணியில் துடைத்தார், காதருகே வைத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். குண்டு உள்ளே உருண்டது. பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிறகு உறையைக் கிழித்து வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை எடுத்து அந்த இடத்தில் முறுக்கினார், குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"இதுவும் வேலை செய்யும்," என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கணவர் உள்ளே இருந்து வந்தார். குழாயைக் குனிந்து பார்த்தார்.

"என்னது இது? நம்ம பித்தளையை எங்க காணோம்?"

"நம்மளுது இல்ல," என்றாள். "அவரோடது. எடுத்துக்கிட்டாரு."